பங்காளிகளுக்கு ஏற்ற எண்

கேள்வி: பாகப்பிரிவினையில் சண்டையே வராத தொகை ஏதாவது உண்டா?
– ஒரு வாசகர், விக்கிரவாண்டி

பதில்: உண்டு. 67,46,32,83,88,800 ரூபாய். இந்த எண்ணுக்கு 10,080 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. பங்காளிகள் 28 பேர் வரை எத்தனை பேர் வந்தாலும் பைசா மிஞ்சாது. 29ஆவது ஆள் வந்தால் கோர்ட்டுதான்!

இப்படிப்பட்ட எண்களை 1915இல் பட்டியலிட்டவர் ராமானுஜன். அதில் கடைசி எண் இது. இதை 23ஆல் வகுத்தால் வரும் 2,93,31,86,25,600ஐ மட்டும் எப்படியோ விட்டுவிட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலம், மன்னித்துவிடலாம்.

1910 வாக்கில் அவர் உங்கள் பக்கத்துத் திருக்கோவிலூருக்கு வந்து, டெபுடி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டார். அவருடைய கணித நோட்டுப்புத்தகத்தைப் புரட்டிய ஐயர், இந்தத் திறமையைக் குமாஸ்தா வேலையில் வீணாக்க மனமில்லாமல், வேலை தரவில்லை. தந்திருந்தால், உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பட்டாவில் ராமானுஜன் கையெழுத்து இருந்திருக்கும்!