கொழுந்துத் தராசும் கழித்தல் வாக்கியமும்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல் மிகச் சிறியது. ஹட்டன் பக்கத்துத் தேயிலை மலையொன்றில், பகல் நிறுவைக்கு மடுவம் என்னும் கொழுந்துக் கொட்டிலில் ஒரு சாக்குக் கொழுந்து தராசில் ஏறுகிறது. 21 கிலோ. சாக்குக்கு ஒன்று, மழைத்தண்ணிக்கு இரண்டு வெட்டு. 21 - 1 - 2. லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை விரலை மடக்கிச் சொல்லிவிடும். அதே கணக்கை எழுத்தாக எழுதி நீட்டினால், மின்தராசுக்குள் ஓடும் சி மொழி நிரல் மட்டும் பேந்தப் பேந்த விழிக்கும். அது ஏன் என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது. வெட்டுக் கணக்கு பற்றிய முன்னாய்வுகள், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நாள்தோறும், சத்தமாகவே, நடந்து வருகின்றன. அடிக்குறிப்பு இல்லாத குறையால் பல்கலைக்கழகங்கள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை.

சி மொழிக்குக் கழிக்கத் தெரியாதோ எனின், தெரியும். கம்பைல் செய்த அன்று எழுதிவைத்த கழித்தல்தான் தெரியும். இன்றைக்கு மழை, இரண்டு கிலோ வெட்டு. நாளைக்கு வெயில், வெட்டில்லை என்று கணக்கே மாறி வந்தால் அதற்கு அது வெறும் எழுத்துக் கோவை. ஒவ்வொரு மழைக்கும் நிரலைப் புதிதாகக் கம்பைல் செய்து தராசில் ஏற்றலாம்தான். நுவரெலியா மாவட்டத்து மழையில் ஒரு வாரம் நனைந்தவர் எவரும் இதைப் பரிந்துரைக்க மாட்டார். ஆகவே, எழுத்தாக வரும் கணக்கை அவ்வப்போதே வாசித்து ஓட்டும் ஓர் இன்டர்பிரிட்டரை நிரலுக்குள்ளேயே குடிவைப்பது வழக்கம்.

இவ்வகையில் பெயர்போனது லுவா. 1993இல் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ரொபெர்த்தோ யெருசாலிம்ஸ்கி முதலிய மூவர் ஆக்கியது. காப்பி நாட்டு மொழிக்குத் தேயிலைத் தராசில் என்ன வேலை என்பார்க்கு: 1869இல் இலைத்துரு நோய் வந்து அழிக்கும்வரை இந்த மலைகளிலும் காப்பிதான். உறவு பழையது.

முறைமை வருமாறு. சி நிரலைத் துரை என்று கொள்க. லுவாவைக் கணக்கப்பிள்ளை என்று கொள்க. இருவருக்கும் நடுவே மேசை ஒன்றுண்டு; நூலோர் அதனை அடுக்கு என்பர். துரை துண்டில் கணக்கை எழுதி மேசையில் வைப்பார். கணக்கப்பிள்ளை போட்டுப் பார்த்து, விடையை மேசைமேல் வைப்பார். துரை அதைப் பார்த்துக்கொண்டு, தாளை அப்புறப்படுத்த வேண்டும். பார்த்துவிட்டு அப்படியே விட்டால் தாள் சேரும். 20 இடத்துக்குத்தான் லுவா பொறுப்பேற்கிறது. அதற்குமேல் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும்.

இனி, துண்டில் எழுதுவது எப்படி? 21 - 1 - 2 என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் லுவா கோபிக்கும்: ‘21’ அருகே எதிர்பாராத குறி என்று பிழை சொல்லும். ஏனெனில் லுவா கட்டளையைத்தான் வாங்கிக்கொள்ளும். கணக்குக் கோவை தனித்து நின்றால் அது கட்டளை ஆகாது. எனவே சி நிரல் அந்த எழுத்தின் முன்னால் ‘ரிட்டர்ன்’ என்றொரு சொல்லை ஒட்டி, பிறகு கொடுக்க வேண்டும். ஒட்டினால் 18. இந்த ஒட்டுவேலை இழிவானதோ என ஐயுறுவார்க்கு: லுவாவின் சொந்த முனையமே 5.3ஆம் பதிப்பு முதல் இதைத்தான் செய்கிறது. முதலில் ரிட்டர்னை ஒட்டிப் பார்க்கும். ஒட்டவில்லையானால் உள்ளபடியே ஓட்டும். அதற்கு முன்பு நாமே சமக்குறி போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. இதேபோல் குடிவைக்கக்கூடிய பைத்தான் மொழியின் குணம் வேறு: கோப்பு முறையில் கொடுத்தால் ஒழுங்காகக் கழித்துவிட்டு, விடையை மட்டும் சொல்லாமல் ‘நன்’, அதாவது ஒன்றுமில்லை, என்று கைவிரித்துவிடும். மதிப்பீட்டு முறையென்று தனியே குறித்துக் கேட்டால்தான் வாய் திறக்கும். லுவாவின் கோபமே மேல் என்பது என் துணிபு.

இதுவரை வந்தவை சில்லறைச் சங்கடங்கள். மெய்யான ஆபத்து பூச்சியத்தில் இருக்கிறது. விதியை எழுதியவர் ‘மழை’ என்ற மாறிக்கு மதிப்புக் கொடுக்க மறந்துவிட்டார் என்க. இல்லாததைக் கழிக்க முடியாமல் லுவா பிழைச்செய்தியை மேசையில் வைக்கிறது. பிழை நேர்ந்ததா என்று பாராத சி நிரல், அந்தத் தாளையே விடையென்று எடுத்து ‘டூநம்பர்’ என்ற செயற்கூற்றிடம் கொடுக்கிறது. எண்ணாக்க முடியாத எதைக் கொடுத்தாலும் அது அமைதியாகப் பூச்சியம் தரும். சம்பளப் பதிவேடான செக்ரோலில் பூச்சியம் ஏறுகிறது. பூச்சியமும் ஓர் எண்தானே. மணி அடிக்காது, விளக்கு எரியாது. பல தோட்டங்களில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், இல்லாவிட்டால் அரைப் பேர்; நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்த இடத்தில், இது சின்னப் பிழையன்று. எண்ணாக்க முடிந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லும் ‘டூநம்பர்எக்ஸ்’ இருக்கிறது. அதைப் பயன்படுத்தாத தராசை மடுவத்துக்குள் விடலாகாது.

பின்னத்தின் கதையும் உண்டு. சி மொழியில் எழுதப்பட்ட ரெடிஸ் என்னும் தரவுக்கிடங்குக்குள்ளும் லுவா குடியிருக்கிறது. அங்கே விடை 18.7 என்று திரும்பினால் வெளியே வருவது 18. அது குறையன்று, விதியென்றே ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள். எண்ணை எழுத்தாக்கி அனுப்பினால் .7 தப்பும். நிறுவையில் பின்னம் காணாமல்போவது கணினிக்காரர் கண்டுபிடிப்பு என்று இளைய தலைமுறை எண்ணிவிடக்கூடாது. மலையகத்தில் அது மின்தராசுக்கு மூத்தது.

இத்தனை பாட்டுக்கு நன்மை என்னவெனின், விதி எழுத்தாக வெளியே நிற்கிறது. கம்பைல் ஆன கழித்தலை யாரும் படிக்க முடியாது. துண்டிலுள்ள ஒருவரிக் கணக்கை அச்செடுத்து மடுவத்துச் சுவரில் ஒட்டலாம், கொழுந்து எடுக்கும் அக்காமார் நின்று வாசிக்கலாம்.

வாசித்துவிட்டு, வெயில் காய்ந்த நாளிலும் தண்ணிக்கு இரண்டு கிலோ எதற்கு என்று ஓர் அக்கா கேட்டால், அது தொடரியல் பிழையன்று. இன்டர்பிரிட்டர் 18 என்றே சொல்லும். அக்கேள்வி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கங்காணியிடம் கேட்டுக்கொள்க.