பேச்சைத் தவிர மற்றவை

பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்னும் வைபவம் ஆண்டுதோறும் நடைபெறுவதையும், யாரோ ஒரு புண்ணியவான் தம் தந்தையார் பெயராலோ மாமியார் பெயராலோ வங்கியில் போட்டுவைத்த மூலதனத்தின் வட்டியே அதன் செலவுக்கு ஆதாரமாக இருப்பதையும், வட்டி குறையக் குறையப் பிரசங்கியாருக்குப் போர்த்தும் பொன்னாடையின் ஜரிகையும் மெலிந்துகொண்டே வருவதையும் உலகம் அறியும். அதற்கான ஏற்பாடுகள் மட்டும் ஏன் தவறாமல் என் தலையிலேயே வந்து விழுகின்றன என்பதை நான் அறியேன். இளையவனாக இருந்தபோது இளையவன் என்பதற்காக விழுந்தன. இப்போது அனுபவஸ்தன் என்பதற்காக விழுகின்றன.

ஏற்பாடுகளில் தலையாயது அழைப்பிதழ் என்பது எங்கள் வட்டாரத்து அபிப்பிராயம். துணைவேந்தர், பதிவாளர், புல முதன்மையர், துறைத்தலைவர் ஆகியோரின் திருநாமங்கள் எந்த வரிசையில், எவ்வளவு பருமனான எழுத்தில் அமைய வேண்டும் என்று பல நாள் ஆலோசித்து, மெய்ப்பு திருத்தி, திருத்தியதை மறுபடி திருத்தி அச்சேற்றிய பிறகுதான், பிரசங்கியாரின் பட்டங்களில் ஒன்று விட்டுப்போயிற்று என்பது யாருடைய கண்ணிலாவது படும். வாழ்த்துரை வழங்குவோரின் எண்ணிக்கையோ, யாரையும் மனம் நோகச் செய்யலாகாது என்னும் ஜீவகாருண்யத்தின் காரணமாகக் கடைசி நாள்வரை வளர்ந்துகொண்டே போகும். நிகழ்ச்சி நிரல் முழுவதிலும் கால அளவு வரையறுக்கப்பட்ட அம்சம் ஒன்றே ஒன்றுதான். 2021-ஆம் ஆண்டு மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்தை 55 வினாடிகளில் பாடவேண்டும் என்று அரசாணையே இருக்கிறது. அறிமுகவுரைக்கும் இப்படியோர் ஆணை பிறப்பிக்கும் தைரியம் எந்த அரசாங்கத்துக்கும் இதுவரை உண்டானதில்லை.

அடுத்தது மண்டபம். சேப்பாக்கத்துச் செனட் ஹவுஸை ராபர்ட் சிஷோம் 1879-இல் கட்டி முடித்த காலத்தில் ஒலிபெருக்கி என்னும் சாதனமே கிடையாது. பேசுகிறவருடைய தொண்டையும் கூரையின் உயரமும் தங்களுக்குள் சமரசம் செய்துகொள்ள வேண்டியதுதான். இன்று அந்தச் சமரசத்தை மைக்செட்காரர் செய்துவைக்கிறார். காலியான மண்டபத்தில் சுவரும் தரையும் ஓசையைத் திருப்பித் திருப்பி எறியும் என்பதும், ஜனங்கள் வந்து நிறைந்துவிட்டால் அவர்களுடைய உடலும் உடையும் அதில் ஒரு பெரும் பங்கை விழுங்கிவிடும் என்பதும் பௌதிக சாஸ்திரம். ஆகவே காலை ஒன்பது மணிக்கு வெற்று நாற்காலிகளின் முன்னிலையில் ‘ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ’ என்று பரீட்சித்து அடையும் திருப்தி, பதினோரு மணிக்குப் பயன்படுவதில்லை. மேலும், ஒலிபெருக்கிப் பெட்டி பேச்சாளரின் முதுகுப்புறம் இருந்தால் அதன் ஓசையை மைக் மறுபடி வாங்கி மறுபடி பெட்டிக்கே அனுப்ப, அந்தச் சுழற்சி பெருகிப் பெருகி ஊளையில் போய் முடியும். பெட்டிகளை முன்னே தள்ளி, சபையைப் பார்த்து வைப்பதே அதற்கு மருந்து. இதை நான் விநயமாக எடுத்துரைத்தபோது மைக்செட்காரர், “ஐயா, எங்கப்பா காலத்துல இருந்து இங்கதான் வெக்கிறோம், ஒண்ணும் ஆனதில்ல” என்றார். ஊளை கேளாத வருஷம் எது என்று திருப்பிக் கேட்க நினைத்தேன். ஆனால் மின்சார இணைப்பு முழுவதும் அவர் கையில் இருந்தது.

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக வீற்றிருந்த மகாகனம் சீனிவாச சாஸ்திரியாரைப் போல, மேடையே வாழ்வாக இருந்த ஒருவர் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் வாய்த்தால், பேசுகிறவர் கண்ணில் படும்படி ஒரு கடிகாரமும், மூடியைச் சற்றுத் தளர்த்திவைத்த ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் மேடையில் இருக்கும் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு. மேடையில் இப்போது இருப்பது பூச்செண்டு. உயரம் குறைந்த பிரசங்கியாராக இருந்தால் சபையோர் பூச்செண்டையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இந்த வருஷம் வந்தவர் சங்க இலக்கியத்தில் கரைகண்ட முதியவர், உயரமும் குறைவு. பேரன் செய்துகொடுத்த திரைக்காட்சிகளைப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார். அவை பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினியில் தமிழ் என்பது ஆங்கில விசைகளுக்குக் கட்டிய வேஷம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்து, உள்ளே இருக்கும் ரோமானிய எழுத்துகள் வெளிப்பட்டுவிடும். ஒற்றின் தலையில் புள்ளி இருக்கவேண்டிய இடந்தோறும் ஓர் அரைப்புள்ளி வந்து உட்கார்ந்துகொள்ளும். தமிழில் ஒற்றுகள் எத்தனை என்பதை அன்றுதான் திரையில் கண்ணாரக் கண்டோம். தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்னும் குறியீடுகளையும் 2010-இல் யூனிகோடையும் ஏற்றுக்கொண்டது வாஸ்தவமே. ஆனால் அறிஞர்களின் பென்டிரைவுகளுக்கு அந்த ஆணைகளின் நகல் போய்ச் சேரவில்லை. பிடிஎஃப் ஆக மாற்றி முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருந்தால், எழுத்துருவும் கோப்புடனே பிரயாணம் செய்து வந்திருக்கும். அவ்விதம் கடிதம் எழுதவேண்டிய குமாஸ்தா, அழைப்பிதழில் முதன்மையரின் தலைப்பெழுத்தைத் திருத்துவதில் ஆழ்ந்திருந்தார்.

நாங்கள் பதறிக்கொண்டிருக்க, பெரியவர் திரையை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு, “தம்பி, அதை அணைச்சிடுங்க, எல்லாம் மனசுல இருக்கு” என்றார். மைக்கையும் ஒதுக்கிவிட்டு, பூச்செண்டைத் தாமே எடுத்துக் கீழே வைத்து, மேடையின் விளிம்புக்கு வந்து நின்று, பாலைத்திணையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். வருகைப்பதிவுக்காகக் கூட்டிவரப்பட்டிருந்த மாணவர்களில் கடைசி வரிசையினர்கூடக் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டார்கள். எங்கள் ஏற்பாடு ஒன்றுமே அவருக்குப் பயன்படாததால் அந்தச் சொற்பொழிவு அவ்வளவு சிறப்பாக அமைந்தது என்று பிற்பாடு யாரோ சொன்னதாகக் கேள்வி. அப்படிச் சொன்னவரை அடுத்த வருஷத்து ஏற்பாட்டுக் குழுவில் சேர்க்கச் சிபாரிசு செய்திருக்கிறேன்.

மதிப்பூதியத்தின் கதை தனி. ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கான ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டவேண்டும் என்பது சட்டம். அந்த ஸ்டாம்பின் மேல், பணத்தைப் பெற்றுக்கொண்டதாகப் பிரசங்கியார் அன்றே கையெழுத்திட்டுவிட வேண்டும் என்பது எங்கள் அலுவலக சம்பிரதாயம். பணம் பிறகு வரும். பெரியவர் புன்னகையோடு கையெழுத்திட்டு, வங்கிக் கணக்கு எண்ணும் தந்து, மாலை ரயிலுக்குப் புறப்பட்டுப் போனார்.

சில வாரங்கள் கழித்துக் கணக்குப் பிரிவிலிருந்து கோப்பு திரும்பி வந்தது. சொற்பொழிவு நிகழ்ந்ததற்கு அத்தாட்சியாகப் பிரசங்கியார் உரையாற்றும் புகைப்படம் ஒன்றை இணைக்கவேண்டுமாம். ஆல்பத்தைப் புரட்டினேன். குத்துவிளக்கை முதன்மையர் ஏற்றுகிறார், துறைத்தலைவர் ஏற்றுகிறார், பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தப்படுகிறது, வேறொரு கோணத்திலும் போர்த்தப்படுகிறது, நினைவுப் பரிசைப் பலர் சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு தொடங்கியதும் புகைப்படக்காரர் சாப்பிடப் போய்விட்டிருக்கிறார்.

“சார், மைக் முன்னாடி ஆள் நிக்கிற படம் ஒண்ணு இருக்கு” என்று குமாஸ்தா ஆறுதலாகச் சொன்னார். வாங்கிப் பார்த்தேன். நன்றியுரை கூறுகிற நான்.