முதலில் லவாசா, பிறகு செவ்வாய்

செவ்வாயில் குடியேறுவது அறமா என்று உலகம் விவாதிக்கிறது. புனேக்காரர்கள் இந்தப் பரீட்சையை ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், மோசே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது லவாசா. இத்தாலியின் போர்ட்டோஃபினோவைப் பார்த்து வரைந்த நகரம். அங்கே காற்று இலவசம், மழையோ போதும் என்றாலும் விடாது. ஆனாலும் 2010 நவம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் வேலையை நிறுத்தி வைக்கச் சொன்னது. நிலம் போயிற்று என்று ஆதிவாசிகள் முறையிட்டார்கள். 2018இல் நகரைக் கட்டிய நிறுவனமே திவால் நடவடிக்கைக்குப் போனது.

செவ்வாயில் இந்தத் தொல்லைகள் கிடையாது. காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு, சராசரிக் குளிர் மைனஸ் 60 டிகிரி; அதெல்லாம் சில்லறை விஷயம். அமைச்சகம் இல்லை, கிராம சபை இல்லை, சாத்-பாரா என்னும் நில ஆவண நகலோடு வந்து வழிமறிக்கும் விவசாயி இல்லை. எந்த நாடும் அங்கே சொந்தம் கொண்டாடக் கூடாது என்கிறது 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தம். கம்பெனிகளைப் பற்றி அவ்வளவு கறாராகப் பேசவில்லை. பில்டருக்கு அந்தச் சந்து போதும்.

மண்ணுக்கடியில் ஒருவேளை நுண்ணுயிர்கள் குடியிருந்தால்? தாராளமாக வழக்குப் போடட்டும். மும்பை உயர் நீதிமன்றத்தின் எல்லை அவ்வளவு தூரம் நீளாது.