மச்சினன் கொண்டுவந்த சீனச் சீர்

மச்சினன் கொடுத்த பொருளில் குறை இருக்காது. இருந்தாலும் கண்ணில் படக் கூடாது. கண்ணில் பட்டாலும் வாயில் வரக் கூடாது. கல்யாணமான ஆண்களுக்கு இதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் மச்சினன் ஷென்ஜெனில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு வந்தவன் ஒரு போனை என் கையில் வைத்து, "அத்தான், இந்த மாடல் இந்தியாவுக்கு வரவே வராது" என்றான். மாமியார் பூரித்துப்போனார். ஏன் வராது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோனையே செய்து உலகத்துக்கு அனுப்புகிறோம். ஆனாலும் விமானத்தில் வந்த பெட்டிக்கு நம் வீடுகளில் உள்ள மரியாதையே தனி.

போன் அழகுதான். கேமரா, பேட்டரி, திரை எதிலும் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது உடம்பால்தான் சென்னைக்கு வந்திருந்தது. மொழிப் பட்டியலில் சீனம் இரண்டு வகை, அப்புறம் இங்கிலீஷ், அத்தோடு சரி. இங்கிலீஷைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு படி உள்ளே போனால் மறுபடி சீனம். வானிலையைத் திறந்தால் பெய்ஜிங்கில் குளிர். வெளியே கோடம்பாக்கத்தில் எனக்கு வியர்த்து ஊற்றுகிறது. காலண்டரில் பொங்கல் வேலை நாள். அக்டோபர் பக்கத்துக்குப் போனால் காந்தி ஜெயந்திக்கு லீவு போட்டிருந்தது. நெகிழ்ந்துபோனேன். பிறகுதான் உறைத்தது: அக்டோபர் முதல் தேதி சீனத்தின் தேசிய நாள், அந்த வாரமே அங்கே விடுமுறை. காந்திக்கு இதில் சம்பந்தமில்லை.

பெரிய குறை, பிளே ஸ்டோர் இல்லை. காரணம் போனைவிடப் பழையது. 2010-இல் கூகுள் தன் தேடல் சேவையைச் சீனப் பெருநிலத்திலிருந்து ஹாங்காங்குக்கு மாற்றிக்கொண்டது. இன்று ஜிமெயில், மேப்ஸ், யூடியூப் எதுவும் அங்கே நேர்வழியில் திறப்பதில்லை. ஆண்ட்ராய்டின் அடிப்படையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிளே ஸ்டோருக்குத்தான் கூகுளிடம் தனி உரிமம் வேண்டும். அது எடுபடாத ஊரில் அந்த உரிமம் எதற்கு? சீனக் கம்பெனிகள் ஆளாளுக்கு ஒரு கடையைத் திறந்துகொண்டன. ஆகவே ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் பிறந்த இரண்டு போன்களில் ஒன்று சீனாவுக்கு, ஒன்று வெளியுலகத்துக்கு என்று மென்பொருள் பிரிந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டுப் பையன் பிளே ஸ்டோரை எங்கிருந்தோ இறக்கி உள்ளே நுழைத்தான். வாட்ஸ்அப்பும் வந்தது. ஆனால் செய்தி வந்தால் மணி அடிக்காது. கூகுளின் அறிவிப்புச் சேவை சீனாவில் செல்லாது என்பதால், பின்னணியில் ஓடும் வெளிச் செயலிகளை அந்த மென்பொருள் பேட்டரியை மிச்சம் பிடிப்பதாகச் சொல்லி ஒவ்வொன்றாக மூடிவிடும். நானாகத் திறந்தால்தான் எல்லாம் மொத்தமாகக் கொட்டும். மாமியார் அனுப்பும் 'காலை வணக்கம்' ரோஜாப்பூ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மலர்ந்தது. பதில் போடாத மருமகன் என்ற பெயர் அதற்குள் திருச்சி வரை பரவியிருந்தது.

பேசுவதிலும் தகராறு. 2ஜி, 3ஜி எதுவும் இல்லாமல் 4ஜியை மட்டும் வைத்துக்கொண்டு 2016-இல் தொடங்கிய நெட்வொர்க் என்னுடையது. அதில் குரலும் 4ஜியிலேயே ஓடும் வோல்ட்டி வழியாகத்தான் போக வேண்டும். எந்த நாட்டு நெட்வொர்க்குக்கு வோல்ட்டியைத் திறந்துவிடுவது என்பதைப் போனுக்குள் இருக்கும் மென்பொருள் தீர்மானிக்கிறது. நம்மூர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. டயல் செய்யும் இடத்தில் நட்சத்திரம், ஹாஷ், நட்சத்திரம், ஹாஷ், ஐந்து எண்கள், மறுபடி ஹாஷ், நட்சத்திரம், ஹாஷ், நட்சத்திரம் என்று ஒரு மந்திரத்தைப் பையன் ஓதினான். குரல் வந்தது. போனை அணைத்துப் போட்டதும் போய்விட்டது.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் மொய்க்கும் ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனேன். கடைப் பையன் பெட்டியைப் பார்த்ததுமே, "சைனா வெர்ஷன் சார். குளோபல் போட்டுரலாம். பூட்லோடர் திறக்கணும்" என்றான்.

"திறப்பா."

"ஒரு வாரம் ஆகும்."

"ஸ்க்ரூ டிரைவர் இல்லையா?"

"கம்பெனி சர்வர்கிட்ட பர்மிஷன் கேக்கணும் சார். கேட்டு 168 மணி நேரம் கழிச்சுத்தான் குடுப்பான்."

பூட்லோடர் என்பது ஸ்க்ரூ டிரைவர் படாத பூட்டு: போன் எழும்போது முதலில் ஓடி, எந்த மென்பொருளை உள்ளே விடுவது என்று காவல் காக்கும் நிரல். ஏழு நாள் என்றால் ஆத்திரம் வரும் என்று மணிக்கணக்கில் சொல்கிறார்கள் போலும். அதுவும் வைஃபையில் கேட்டால் செல்லாது. சிம் போட்டு, அதன் டேட்டாவில்தான் விண்ணப்பிக்க வேண்டும். திருடியவன் உடனே துடைத்து விற்றுவிடக் கூடாது, இடையில் இருக்கும் வியாபாரி கண்டதை ஏற்றிவிடக் கூடாது என்பதற்காகவாம். நியாயம்தான். சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்யவே 30 நாள் நோட்டீஸ் கேட்கிற நாட்டில் இதற்குக் கோபித்துக்கொள்ள முடியாது.

கெடு முடிந்தது. பையன் போனை அணைத்து, ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தினான். ஃபாஸ்ட்பூட் என்று எழுத்து வந்தது. கேபிளை லேப்டாப்பில் சொருகினான். பூட்லோடர் திறந்தது. திறந்த கையோடு போனில் இருந்த எல்லாம் அழிந்தது, மச்சினனோடு எடுத்த தீபாவளிப் படங்கள் உட்பட. அதை நான் இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

அடுத்து ஃப்ளாஷ் செய்ய வேண்டும், அதாவது புது மென்பொருளை ஏற்ற வேண்டும். போன் கம்பெனியின் ஃப்ளாஷ் கருவியைத் திறந்தால் ஜன்னலின் அடியில் சின்ன எழுத்தில் மூன்று வழிகள்: எல்லாவற்றையும் அழி, தகவலை விட்டுவை, அழித்துப் பூட்டு. அவர்களாகவே புள்ளி வைத்திருப்பது மூன்றாவதில். பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் புள்ளியை முதலாவதுக்கு நகர்த்தினான். "இதை மாத்தாம அமுக்கினா என்னாகும்?" என்றேன். "சீனா போன்ல குளோபல் போட்டுப் பூட்டினா செத்துரும் சார். ஆன் ஆகாது. பேப்பர் வெயிட்டா வச்சுக்கலாம்" என்றான், வெகு சாதாரணமாக.

பட்டை ஓடி முடிந்தது. முதல் தடவை ஆன் ஆக நேரம் எடுக்கும் என்றான். கம்பெனி முத்திரையைப் பார்த்தபடி இரண்டு பேரும் டீ குடித்து முடித்தோம். திடீரென்று தமிழில் 'வணக்கம்' வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிளே ஸ்டோர் இருந்தது, வோல்ட்டி இருந்தது, சென்னை வெயிலும் இருந்தது.

வங்கிச் செயலி மட்டும் உள்ளே விடவில்லை. பூட்லோடர் திறந்திருக்கிறதாம், பாதுகாப்பில்லையாம். திறந்தே வைத்தால் பணம் அனுப்ப முடியாது. பூட்டினால் போன் உயிரோடு இருக்காது. வேறு வழியில்லாமல், காய்கறிக் கடையில் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்ய என் பழைய போனையும் இன்னொரு பையில் போட்டுக்கொண்டு அலைகிறேன்.

மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. "பணம் அனுப்ப முடியலைன்னா பணம் மிச்சம்தானே? என் தம்பி எதையும் யோசிச்சுத்தான் வாங்குவான்."

காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறக்க அனுமதி கேட்டு வரிசையில் நிற்பதும், திறந்ததற்காக வங்கி வாசலில் தடுக்கப்படுவதும் இந்தக் காலத்து உடைமையின் லட்சணம். கண்ணாடியும் உலோகமும்தான் நம்முடையவை. உள்ளே ஓடுவது யாருக்கோ சொந்தம்.

ஆகவே வாசகர்களே, வெளிநாட்டு உறவினர் 'போன் வாங்கி வரட்டுமா?' என்று கேட்டால் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த நாட்டு வெர்ஷன்? நம்மூர் நெட்வொர்க்கில் வோல்ட்டி வருமா? பூட்லோடரைத் தொடாமல் வங்கிச் செயலி ஓடுமா? குளோபல் என்று சொல்லி விற்றாலும், கடைக்காரரே மாற்றி ஏற்றியதா என்று விசாரியுங்கள். பதில் தெரியவில்லை என்றால் சாக்லேட் போதும் என்று சொல்லிவிடுங்கள். உறவும் கெடாது.