மேட்டர் மட்டும் பாக்கி

பத்திரிகை நடத்துகிறவர்களைவிட நடத்தப்போகிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம். நடத்துகிறவரை அடையாளம் காண்பது சுலபம். பார்த்ததும் சந்தா கேட்பார். நடத்தப்போகிறவரைக் கண்டுபிடிக்க அவர் கையில் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை யார், முகூர்த்தம் எப்போது என்பதெல்லாம் கண்ணில் படாது. இரண்டு விரலுக்கு நடுவே அட்டையைத் தேய்ப்பார். ஓரத்தைச் சுண்டிப் பார்ப்பார். "முந்நூறு ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு. மேட் லேமினேஷன் பண்ணி, பிள்ளையாருக்கு மட்டும் ஸ்பாட் யூவி கொடுத்திருக்கான். பரவாயில்ல" என்பார். கல்யாணத்துக்குப் போவாரா என்பது வேறு விஷயம்.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் (விசிட்டிங் கார்டில் ஆசிரியர் என்றுதான் இருக்கிறது) முன்பெல்லாம் அட்டை, உள்பக்கம் என்று மனிதர்களைப் போலத்தான் பேசிக்கொண்டிருந்தார். காலாண்டிதழ் ஒன்று கொண்டுவர முடிவு செய்து, செலவு விசாரிக்க ஓர் அச்சகத்துக்குப் போனார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "டெம்மியா, கிரவுனா? எத்தனை ஃபாரம்? மேப்லித்தோ எழுபதா, எண்பதா? பெர்ஃபெக்ட் பைண்டிங்கா, சென்டர் பின்னா?" யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தார் ஆசிரியர். இலக்கியம் அன்றே இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

முதலில் ஃபாரம். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம் என்று தெரிந்ததும், வீட்டுச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து மூன்று முறை மடித்து, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டுப் பிரித்தார். ஒன்றுக்குப் பக்கத்தில் 16. எட்டுக்குப் பக்கத்தில் 9. பாதி எண்கள் தலைகீழ். முதுகு மடிப்பில் ஜோடி சேரும் பக்கங்களைக் கூட்டினால் எப்போதும் 17 வருகிறது என்று கண்டதும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "இந்த மாசத் தாளைப் போய் கிழிச்சிருக்கீங்களே, பால் கணக்கெல்லாம் அதுலதானே குறிச்சு வச்சிருந்தேன்" என்றார் அந்த அம்மாள்.

அடுத்து வந்தது வண்ணம். சட்டைப்பையில் பேனா இருந்த இடத்துக்கு ஒரு லென்ஸ் வந்தது. அச்சான எதைப் பார்த்தாலும் லென்ஸை வைத்துக் குனிந்துவிடுவார். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானபோது துக்கம் கேட்கப் போன இடத்தில், வாசல் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஈரம் காயாமல் இருந்தது. ஆசிரியர் அதன் முன் வெகுநேரம் நின்றார். பிறகு மகனின் கையைப் பற்றிக்கொண்டு, தழுதழுத்த குரலில், "அப்பா முகத்துல மெஜந்தா தூக்கியிருக்கு தம்பி. ரெஜிஸ்டரும் அவுட்" என்றார். மகன் பாவம், ஏதோ ஆஸ்பத்திரிச் சமாச்சாரம் என்று எண்ணி, "ஆமாண்ணே, கடைசி ஒரு வாரமாவே அப்படித்தான் இருந்துச்சு" என்றான்.

டிடிபி சென்டரில் அவருக்கென்றே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. வேலை பார்க்கும் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, "கெர்னிங் பாரும்மா", "ப்ளீடு மூணு மில்லி விட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். உள்பக்க எழுத்தையெல்லாம் நாலு கலரும் கலந்த ரிச் பிளாக்கில் போடச் சொன்னார் ஒருநாள். "சின்ன எழுத்துக்குச் சிங்கிள் பிளாக்தான் சார் போடணும். நாலு கலர்ல போட்டா, பிளேட் துளி நகர்ந்தாலும் எழுத்தோரம் நிழல் தட்டும்" என்றது அந்தப் பெண். மறுநாள் டீக்கடையில் இதையே எங்களுக்கு எச்சரிக்கையாகச் சொன்னார், தானே கண்டுபிடித்ததுபோல. நாங்கள் யாரும் எதையும் அச்சடிக்கும் நிலையில் இல்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும், மனிதர் கற்றது முழுக்க வீண் இல்லை. இங்கிலீஷ் கணக்கில் பதினொரு பாயிண்ட் எழுத்துக்குப் பதிமூன்று லெடிங் வைத்தால் மேல்வரி 'மூ'வின் காலும் கீழ்வரி 'கீ'யின் கொம்பும் முட்டிக்கொள்ளும், தமிழுக்குப் பதினைந்தாவது வேண்டும் என்பார். பக்கத்தை மூன்று பத்தியாக ஒடுக்கினால் 'கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' மாதிரி ஒரு சொல்லே வரியை அடைத்துக்கொண்டு, முந்தின வரியில் பொக்கைவாயாக இடைவெளி விழும் என்பார். இரண்டும் சரி. வருடக்கணக்கில் வெளிவரும் சில பத்திரிகைகளுக்கே இது இன்னும் எட்டவில்லை.

ஆனால் அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் கேட்பது ஒன்றுதான்: "மேட்டர் எப்ப சார் தருவீங்க?" உடனே அவருக்கு ஆண்டர்சன் தெருவில் பேப்பர் விலை விசாரிக்கும் வேலை வந்துவிடும்.

நானும் ஒருநாள் வாயைக் கொடுத்தேன். "சி.சு. செல்லப்பா 1959-ல 'எழுத்து' ஆரம்பிச்சப்ப இவ்வளவா பார்த்திருப்பார்? புத்தகக் கட்டைத் தானே தூக்கிட்டுப் போய் காலேஜ் காலேஜா வித்த மனுஷன்."

ஆசிரியர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது லெட்டர்பிரஸ் காலம் சார். ஸ்பாட் யூவியா இருந்துச்சு அப்ப?"

போன வாரம் வீட்டுக்கே வந்தார். கையில் அட்டை. சிவகாசியில் அடித்து, லேமினேஷன் முடித்து, ஆயிரமும் வந்து இறங்கிவிட்டதாம். ஜனவரி–மார்ச் இதழ். அப்போது ஆடி பிறந்திருந்தது. பெயர் மேட் பரப்பில் பளபளவென்று எழும்பி நின்றது. தடவிப் பார்க்கச் சொன்னார், தடவினேன். நன்றாகத்தான் இருந்தது. மூலையில் பொடி எழுத்தில், தனிச்சுற்றுக்கு மட்டும்.

"ஒரு சின்னச் சிக்கல்" என்றார். "தொண்ணூத்தாறு பக்கம்னு கணக்குப் பண்ணி முதுகை வச்சு அட்டையை அடிச்சிட்டேன். வந்த மேட்டர் நாப்பது பக்கம்தான் தேறுது. உள்ளே தாள் இல்லேன்னா முதுகு நிக்காது. நீங்க ஒரு கட்டுரை தரணும்."

"எதைப் பத்தி?"

"அது உங்க இஷ்டம் சார். மூன்றரை ஃபாரம் வரணும்."