ஊத்தங்கரைப் பாலை: தொலைவிலிருந்து கேம் ஆடுதல் பற்றிய அகத்திணை ஆய்வு

ஓசூர் வாடகை அறையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க, அதற்குரியவர் லீவுக்கு ஊத்தங்கரை வந்து, கையடக்கக் கருவியில் அதே கேமை ஆடுகிறார். படம் இங்கே வருகிறது. கட்டைவிரலின் அமுக்கம் அங்கே போகிறது. இது எத்திணை என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை, எவரும் கேட்டதில்லை. பாலையே என நிறுவுவது இக்கட்டுரையின் கடன். வரலாறு: 2006இல் பிஎஸ்பியில் ரிமோட் ப்ளே, 2018இல் ஸ்டீம் லிங்க் செயலி, 2022இல் ஸ்டீம் டெக். பொழுது: நள்ளிரவு. தெய்வம்: வைஃபை. பறவை: இல்லை.

உரிப்பொருள் பிரிவு. ஓதல், பகை, தூது, பொருள் எனப் பிரிவுக்குக் காரணம் சொன்ன தொல்காப்பியம், பொருள் தேடப் போன ஊரிலேயே தலைவியை விட்டுவிட்டு வீடு திரும்புவதைச் சொல்லவில்லை. அன்று ஓசூரில் சிப்காட் இல்லாமையே காரணம் எனலாம். கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் அணைந்தால், சுவிட்சைப் போடச் சொல்லி ரூம்மேட்டுக்கு போன் செய்வது பாங்கற்கூட்டம். தூதோ தனி ஆய்வுக்குரியது. அனுப்பியவை சிறுசிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்து, சிலவேளை வரிசை மாறி வந்து சேரும். பெறும் கருவி அவற்றை முறைப்படி அடுக்கிக்கொள்ளும். எங்கோ கிடக்கும் சொல்லை வேறெங்கோ இழுத்துக் கூட்டிப் பொருள் காண்பதில் பெயர்பெற்ற நச்சினார்க்கினியர் இதை 14ஆம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார். ஆகவே இன்டர்நெட்டும் நமதே என ஒரு முனைவர் பட்டம் வாங்கலாம். நெறியாளர் கையெழுத்துதான் பாக்கி. வேறுபாடு ஒன்றுண்டு. காலம் தப்பி வந்த பாக்கெட்டைக் கருவி எறிந்துவிடும். ஆய்வாளர் அதை வைத்து இன்னொரு கட்டுரை எழுதுவார்.

லேக் அடிக்கிறது, ஆகவே காத்திருத்தல், ஆகவே முல்லை என்பாரும் உளராகலாம். அது பொருந்தாது. நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குச் சுமார் 16.7 மில்லிநொடி. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிநொடியில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். ஓசூரிலிருந்து ஊத்தங்கரைக்குச் சாலைவழி ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். இழை சென்னையைச் சுற்றி வந்தாலும் சில மில்லிநொடிக்கு மேல் ஆகாது. படத்தைச் சுருக்குவதிலும் விரிப்பதிலும், நெரிசலான வைஃபையிலுமே நேரம் போகிறது. மேலும், முல்லைக்குப் பொறுமை வேண்டும். கருவியை மெத்தைமேல் எறிபவருக்கு அத்திணை உரியதன்று. பாம்பாறு அணை உள்ள ஊரில் பாலை ஏது எனின், பாலைக்குத் தனி நிலமில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் சொல்வது. நெட் திரிந்தாலும் அப்படியே கொள்க.

எனவே ஓசூரிலிருந்து பஸ் ஏறும் தலைவர்கள், அறையிலுள்ள கம்ப்யூட்டரை வைஃபையை நம்பி விடாமல் லேன் கேபிளில் மாட்டிவிட்டு வரவும்.