டேப் சொல்லும் பதில்கள்

(சென்னையில் வீடுகளுக்கு இன்டீரியர் செய்யும் டிசைனர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

திருச்சி வாசகி: காலையில் கண் விழித்ததும் கை போவது பென்சிலுக்கா, போனுக்கா?

போனுக்குத்தான். ஆறே முக்காலுக்கே ஆசாரி ஒரு படம் அனுப்பியிருப்பார்: "மேடம், கைப்பிடி மேல வரணுமா, கீழ வரணுமா?" பல் தேய்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தால் அதற்குள் துளை போட்டுவிடுவார். கதவில் விழுந்த துளை விழுந்ததுதான்.

மதுரை வாசகர்: சினிமாவில் இன்டீரியர் டிசைனர் எப்போதும் துணி மாதிரிகளைப் புரட்டிக்கொண்டே இருக்கிறார். நிஜத்தில்?

துணி புரட்டுவது மாதத்தில் இரண்டு மத்தியானம். மற்ற நாளெல்லாம் சைட். ஒன்பதரைக்கு முதல் வீடு. நுழைந்ததும் தரையைப் பார்ப்பேன், டைல்ஸ் மேல் அட்டை விரித்திருக்கிறார்களா என்று. அடுத்தது பிளைவுட். சமையலறைக்கும் வாஷ்பேசின் அடியிலும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை வேண்டும். படுக்கையறை அலமாரிக்கு ஐஎஸ் 303 போதும். முத்திரை பலகையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். பில்லில் எழுதித் தருவதை நான் கணக்கில் எடுப்பதில்லை. 19 மில்லிமீட்டர் என்று வாங்கிய பலகை 19 இருக்கிறதா என்று ஓரத்தில் காலிப்பர் வைத்துப் பார்ப்பேன். பிறகு ஸ்விட்ச் பாயிண்ட். கட்டிலின் தலைமாடு எந்தப் பக்கம் என்று முடிவாகும் முன்பே எலக்ட்ரீஷியன் சுவரை வெட்டிவிட்டால், அந்த வீட்டில் ஆயுசுக்கும் சார்ஜர் வயர் கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான் கிடக்கும்.

மத்தியானம் பெரியமேடு, சிடன்ஹாம்ஸ் சாலை: லாமினேட், கீல், சானல். சாயங்காலம் பில், போன், வீட்டுக்காரர்களின் சந்தேகங்கள். வரைவதற்கு இரண்டு மணி நேரம் கிடைத்துவிட்டால் அது எனக்கு நல்ல நாள்.

ஈரோடு வாசகி: உங்கள் உடை ரகசியம் என்ன மேடம்?

இரண்டு பக்கமும் பை. கடையில் வாங்கும் பெண்கள் உடையில் பையே இருப்பதில்லை, இருந்தாலும் நாலு விரல் நுழையாது. அதனால் டெய்லரிடம் சொல்லி ஆழமாகத் தைத்துக்கொள்கிறேன். வலது பையில் 5 மீட்டர் டேப், இடது பையில் சாக்பீஸ், கொண்டையில் பென்சில். காலில் மூடிய ஷூ. ஆணி எங்கே கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. வளையல் கிடையாது, வெனீர் கீறிவிடும்.

வண்ணம் தேர்ந்தெடுக்கும் நாளில் மட்டும் வெள்ளையோ சாம்பலோ அணிவேன். சிவப்புச் சுடிதாரோடு ஜன்னல் பக்கம் நின்று வெள்ளை மாதிரியைக் கையில் பிடித்துப் பாருங்கள். உடையின் சிவப்பு அதில் ஏறித் தெரியும். அந்த வெளிச்சத்தில் முடிவு செய்த வண்ணத்தோடு ஒரு குடும்பம் பல வருடம் வாழப்போகிறது.

சேலம் வாசகர்: வாஸ்து பார்ப்பீர்களா?

வீட்டுக்காரர் பார்ப்பார், நான் இடம் பார்ப்பேன். தென்கிழக்கில் அடுப்புக்கு இடம் இருந்தால் அங்கேயே வைத்துவிடுவோம். அதற்காக ஜன்னலை அடைக்கச் சொன்னால் மட்டும் விடாமல் வாதாடுவேன். காற்றில்லாத சமையலறையில் வியர்த்து நிற்கப்போவது ஜோசியர் இல்லை.

கும்பகோணம் வாசகி: புது ஃபிளாட்டுக்கு வந்து ஒரு வருடம். சமைத்து முடித்தால் தோள் கழன்றுவிடும்போல் இருக்கிறது. பழைய வீட்டில் இப்படி இல்லை. வயதாகிவிட்டதா?

வயதைக் குறை சொல்லும் முன் மேடையை அளந்து பாருங்கள் அம்மா. நிமிர்ந்து நில்லுங்கள். முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை எத்தனை அங்குலம் என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அதில் நாலு அங்குலம் கழித்தால் நீங்கள் காய் நறுக்க வேண்டிய உயரம் வரும். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு அது ஏறக்குறைய 33 அங்குலம். உங்கள் மேடை 36 இருந்தால், ஒவ்வொரு கத்தரிக்காய்க்கும் தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று அர்த்தம். அடுப்பு இருக்கும் பகுதி இன்னும் தாழ வேண்டும். அடுப்பின் உயரம், அதன் மேல் குக்கரின் உயரம், அதற்கும் மேலே கரண்டி பிடித்த கை இருக்கிறதே.

மயிலாப்பூரில் ஒரு வீடு. மாமியார் சமையலறையில் ஒரு மணைப்பலகை போட்டு அதன் மேல் நின்று சமைப்பார். அது பூஜைக்கு உட்காரும் மணை. எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டேன். "இந்த மேடை கட்டினதிலேருந்து" என்றார். மேடை கட்டும்போது அவரை யாரும் அளக்கவில்லை. வீட்டில் உயரமானவர் மகன். மேஸ்திரியிடம் பேசியதும் அவர்தான். நாங்கள் கிரானைட்டைக் கழற்றி, அடியில் இரண்டு வரிசைக் கல்லை எடுத்து, மறுபடி பதித்தோம். வேலை முடிந்த மறுநாள் போனபோது அவர் காலால் தரையைத் தடவி மணையைத் தேடிக்கொண்டிருந்தார்.

மேடையை இடிக்க முடியாது என்றால், நறுக்குவதற்கு மட்டும் 30 அங்குல உயரத்தில் ஒரு சின்ன மேஜை போட்டுக்கொள்ளுங்கள். கிரைண்டரையும் அதில் வையுங்கள். மாவு வழிக்கும்போது குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம். யார் சமைக்கிறாரோ அவரை அளக்காமல் சமையலறை போடுபவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்த வலி படத்தில் தெரியாது, பில்லிலும் வராது.

பாளையங்கோட்டை வாசகர்: தமிழ் மட்டும் தெரிந்தால் இந்தத் தொழிலில் பிழைக்க முடியுமா?

சென்னையில் என் ஆசாரிகளில் பாதிப்பேர் ராஜஸ்தான்காரர்கள், ஃபால்ஸ் சீலிங் போடுபவர்கள் பீகார்க்காரர்கள். வரைபடம் எல்லோருக்கும் புரியும். பேச்சில் ஒரு அழகான ஒற்றுமை இருக்கிறது. நம் ஊர் ஆசாரி அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை 'நூல்' என்பார். அவர்கள் அதையே 'சூத்' என்கிறார்கள். இந்தியில் சூத் என்றாலும் நூல்தான். "ரெண்டு நூல் விடு" என்று நானும், "தோ சூத்" என்று அவரும் ஒரே கால் அங்குலத்தைத்தான் சொல்கிறோம்.

வேலூர் வாசகி: இரவானால் எங்கள் ஹால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறது. சோபாவை மாற்றலாமா?

பல்பை மாற்றுங்கள். பெட்டியில் 6500 கே என்று இருக்கும். அது நடுப்பகல் வெளிச்சம். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 3000 கே, சமையலறைக்கு 4000 கே போடுங்கள். ஒரே அறையில் இரண்டையும் கலக்காதீர்கள். சோபா தானாக அழகாகிவிடும்.

காரைக்குடி வாசகர்: எங்கள் ஊர் ஆத்தங்குடிக் கல்லைச் சென்னையில் போடுகிறார்கள். தாங்குமா?

தாங்கும், மரியாதை கொடுத்தால். அது சூளையில் சுட்ட டைல் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. அதை வளர்ப்பது நடக்கிற கால்கள். ஆசிட் ஊற்றினால் செத்துவிடும். எலுமிச்சையும் புளியும்கூடக் கறை போடும். ஆகவே பூஜையறை, முன்கூடம், தாழ்வாரம் சரி. பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒரு கல் போல இன்னொரு கல் இருக்காது என்பதை வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுவேன். அது பிடிக்காதவருக்குப் போட மாட்டேன்.

புதுச்சேரி வாசகர்: ஒரு டிசைனரை நம்புவது எப்படி?

'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். இன்டீரியர் டிசைனருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை, யாரும் பெயர்ப்பலகை மாட்டலாம். எனவே போன மாதம் முடித்த வீட்டைப் பார்த்து மயங்காதீர்கள். ஐந்து வருடத்துக்கு முன் செய்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். சிங்க் அடியில் கதவைத் திறந்து பலகை ஊதியிருக்கிறதா, கீல் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கடற்காற்று படும் ஊர் உங்களுடையது. கீல் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே கேளுங்கள்.

தஞ்சாவூர் வாசகி: மறக்க முடியாத தவறு?

முதல் வருடம், பில்டர் கொடுத்த வரைபடத்தை நம்பி ஏழடிக்கு அலமாரி செய்யக் கொடுத்தேன். சுவர் பூசி முடித்தபோது ஆறடி பத்தங்குலம்தான் இருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு ஒன்பது நாள். திரும்ப அறுத்து ஒட்டிய செலவு என்னுடையது. அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதனாலேயே இன்றும் வலிக்கிறது. அன்றிலிருந்து எந்தச் சுவரையும் கீழே, நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் அளக்கிறேன். மூன்றில் சின்னதுதான் அளவு.

யாழ்ப்பாண வாசகர்: உங்களைக் கவர்ந்தவர்?

உங்கள் நாட்டு ஜெஃப்ரி பாவா. வழக்கறிஞராக இருந்துவிட்டு, கட்டடக்கலைக்கு வந்தவர். கொழும்பில் வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி, சேர்த்து, தன் ஒரே வீடாக்கினார். திறந்த முற்றங்கள் வழியாக அந்த வீட்டுக்குள் இறங்கும் வெளிச்சத்தைப் படங்களில் பார்க்கும்போதெல்லாம் என் மேஜையில் இருக்கும் வரைபடத்தில் ஒரு சுவரை அழித்துப் பார்க்கத் தோன்றும்.

நாகர்கோவில் வாசகி: உங்கள் சொந்த வீடு எப்படி இருக்கும்?

வாடகை வீடு, இரண்டு அறை. ஃபால்ஸ் சீலிங் கிடையாது. சுவரெல்லாம் வெள்ளை, பகலெல்லாம் வண்ணம் பார்த்த கண்ணுக்கு ஓய்வு வேண்டும். ஹாலில் பவானி ஜமுக்காளம், பால்கனியில் பத்தமடைப் பாய், அப்பாவின் தேக்கு பீரோ. அந்த பீரோவின் கதவு கொஞ்சம் முனகும். எண்ணெய் போட எனக்கு மனமில்லை; அப்பா ஆபீசுக்குக் கிளம்பும் சத்தம் அது.

விருதுநகர் பிளஸ் டூ மாணவி: அக்கா, இந்தப் படிப்புதான் வேண்டும் என்கிறேன். "வீட்டை அலங்கரிக்க ஒரு படிப்பா?" என்கிறார் அப்பா. என்ன சொல்லட்டும்?

எதுவும் சொல்லாதே தங்கம், வரைந்து காட்டு. ஒரு டேப் வாங்கிக்கொள். உங்கள் சமையலறையை 50 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று தாளில் வரை. அம்மா காலையில் ஒரு மணி நேரம் சமைக்கும்போது பக்கத்தில் உட்கார். எங்கே குனிகிறார், எங்கே எக்குகிறார், அரிசி டப்பாவுக்கும் அடுப்புக்கும் எத்தனை நடை என்று அந்தப் படத்திலேயே குறி. பிறகு ஒரே ஒரு அலமாரியை இடம் மாற்றி இரண்டாவது படம் வரைந்து, இரண்டையும் அப்பா முன்னால் வை. எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. அளவுகளை மட்டும் பென்சிலில் எழுது, திருத்த வேண்டிவரும்.